அடித்துச் சொல்கிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி



கோடை விடுமுறை இதழ் உங்கள் கையில். பெங்களூரின் அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் இந்நேரம் வேலூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் உறவுக்காரப் பிள்ளைகள் வந்து இறங்கியிருப்பார்கள். வந்ததும் அவர்கள் கேட்பது லால்பாக்கையும் விதான சௌதாவையும் பற்றி இருக்காது. "வொண்டர்லாவுக்கு எப்போ போறோம்?" என்றுதான் கேட்பார்கள். கேட்ட நிமிடமே வீட்டில் ஒருவர் பேச்சைத் தன் கையில் எடுத்துக்கொள்வார். பெரியப்பாவாக இருக்கலாம், மாடி வீட்டு மாமாவாக இருக்கலாம், எல்லாம் தெரிந்தவர் என்று பெயரெடுத்த ஆபீஸ் நண்பராகவும் இருக்கலாம்.

"மெட்ரோ இப்போ வொண்டர்லா வாசல் வரைக்கும் போகுதே, தெரியாதா?" என்று ஆரம்பிப்பார். "அது வெளிநாட்டுக் கம்பெனி." "மெட்ராஸ்ல ஒரு பார்க்ல ராட்டினம் அறுந்து பத்துப் பேர் போயிட்டாங்க, பேப்பர்ல வராம அமுக்கிட்டாங்க." "இன்னும் ரெண்டு வருஷம் பொறுங்க, மைசூர்லயே டிஸ்னிலேண்ட் வருது. அடிச்சுச் சொல்றேன்."

யாராவது மறுத்தால் குரல் இன்னும் கொஞ்சம் உயரும். போனை எடுத்துக் காட்டினால், "நெட்ல வர்றதெல்லாம் நம்பாதே" என்பார். அந்தத் தகவலே அவருக்கு வாட்ஸ்அப்பில் வந்ததுதான். அடுத்த தீபாவளிக்கும் அதே கதை, அதே குரல், கூடவே இன்னும் இரண்டு விவரம்.

இந்த மாதப் பக்கம் அந்தப் பெரியப்பாவுக்காக. அவரைக் கேலி செய்ய இதை எழுதவில்லை. அவர் இல்லாத வீட்டில் பேச்சில் உப்பு குறைந்துதான் இருக்கும்.

முதலில் மெட்ரோ. பர்ப்பிள் லைன் மைசூர் ரோடு பக்கம் 2023 அக்டோபரில் சல்லகட்டா வரை நீண்டது. இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறது. வொண்டர்லா பூங்கா இருக்கும் பிடதிக்கு அங்கிருந்து இன்னும் நல்ல தூரம், பஸ்ஸோ காரோ பிடித்துத்தான் போக வேண்டும். பிடதி வரை நீட்டிப்பது பற்றி அவ்வப்போது பேச்சு வருகிறது. பேச்சு வந்ததுமே பெரியப்பா ரயிலை ஓட்டிவிட்டார், அவ்வளவுதான் நடந்தது. ரோடு வழியாகப் போவதிலும் நஷ்டம் இல்லை. பிடதி தட்டு இட்லியும் அதன் மேல் உருகும் வெண்ணெயும் ரோட்டில் போகிறவர்களுக்குத்தான்.

அடுத்தது 'வெளிநாட்டுக் கம்பெனி'. இங்கே உண்மை கதையைவிடச் சுவாரசியமானது. உங்கள் வீட்டு ஃபிரிட்ஜுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு ஸ்டெபிலைசர் மாட்டியிருக்கிறதா? அதன் மேல் வி-கார்ட் என்று எழுதியிருந்தால், அதுவும் பிடதி ராட்டினமும் ஒரே ஆள் தொடங்கியவை. கேரளத்துக்காரரான கொச்சவுசேப் சிட்டிலப்பிள்ளி 1977-இல் ஸ்டெபிலைசர் செய்ய ஆரம்பித்தார். 2000-இல் கொச்சியில் வீகாலேண்ட் என்ற பூங்காவைத் திறந்தார். 2005-இல் பெங்களூருக்கு வொண்டர்லா வந்தது. கொச்சிப் பூங்காவும் பிற்பாடு அதே பெயருக்கு மாறியது. இதே மனிதர் 2011-இல், முன்பின் தெரியாத ஒரு லாரி டிரைவருக்குத் தன் சிறுநீரகம் ஒன்றைத் தானமாகக் கொடுத்தார். சாப்பாட்டு நேரத்தில் சொல்ல இதைவிட நல்ல கதை எந்த வெளிநாட்டுக் கம்பெனியிடம் இருக்கிறது?

இப்போது மைசூர் டிஸ்னிலேண்ட். பல வருஷமாக நம் ஊர்ப் பேச்சில் ஓடிக்கொண்டிருக்கும் கதை இது. இதற்கு வேர் இல்லாமல் இல்லை. 2018-இல் குமாரசாமி முதல்வராக இருந்தபோது, கே.ஆர்.எஸ். அணையை ஒட்டிய பிருந்தாவனத்தை டிஸ்னிலேண்ட் பாணியில் மாற்றப்போவதாக அரசு அறிவித்தது. அந்த நவம்பரில், அப்போது நீர்வளத் துறை அமைச்சராக இருந்த டி.கே. சிவகுமார் 125 அடி உயரத்தில் காவிரித் தாய் சிலை, கண்ணாடிக் கோபுரங்கள், அருங்காட்சியகம் என்று திட்டத்தை விரித்துச் சொன்னார். பிறகு ஆட்சி மாறியது, மறுபடியும் மாறியது. 2024-இல் பிருந்தாவனத்தை 2,600 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் தனியார் பங்கோடு மேம்படுத்த அமைச்சரவை ஒப்புக்கொண்டது. 2025-இல் மண்டியா விவசாயிகள், அணைக்குப் பக்கத்தில் கேளிக்கைப் பூங்கா வேண்டாம் என்று தெருவில் இறங்கினார்கள்.

இத்தனையிலும் ஒரு பெயரைக் காணோம்: வால்ட் டிஸ்னி நிறுவனம். அறிவிப்பில் இருந்தது பாணி மட்டும்தான். அந்த நிறுவனத்தின் பெயரில் இன்று உலகத்தில் பூங்காக்கள் இருப்பது ஆறே இடங்களில். கலிபோர்னியா 1955, புளோரிடா 1971, டோக்கியோ 1983, பாரிஸ் 1992, ஹாங்காங் 2005, ஷாங்காய் 2016. ஏழாவதாக அபுதாபியில் வரப்போகிறது என்று 2025 மே மாதம் அறிவித்தார்கள். சிங்கப்பூர் அந்தப் பட்டியலில் இல்லை. "சிங்கப்பூர் டிஸ்னிலேண்ட் போய்ட்டு வந்தோம்" என்று ஃபோட்டோ காட்டுகிற நம் சொந்தக்காரர்கள் போனது செந்தோசாத் தீவின் யுனிவர்சல் ஸ்டுடியோஸுக்கு. பெரியப்பாவுக்கு ஆறுதலாக ஒன்று சொல்லலாம்: அபுதாபி பெங்களூரிலிருந்து விமானத்தில் ஏறக்குறைய நாலு மணி நேரம்தான்.

கே.ஆர்.எஸ். கதையில் என்னை உறுத்துவது வேறொன்று. டிஸ்னி வருகிறதா இல்லையா என்று நாம் அடித்துக்கொண்டிருந்த வருஷங்களில் கேட்க வேண்டிய கேள்விகள் பின்னால் போய்விட்டன. அணைக்கு எத்தனை அருகில் கட்டலாம்? நெரிசல் எவ்வளவு தாங்கும்? திவான் மிர்சா இஸ்மாயில் காலத்தில் எழுந்து, எத்தனையோ தமிழ்ப் படப் பாட்டுகளுக்கு மேடையாக இருந்த அந்தத் தோட்டம் என்ன ஆகும்? காவிரியின் கீழ்ப்பக்கம் உறவுகளை வைத்திருக்கும் நமக்கு அக்கறை இருக்க வேண்டிய கேள்விகள் இவை. தப்புத் தகவலால் வருகிற பெரிய நஷ்டம் இதுதான், சரியான கேள்வியின் இடத்தில் அது உட்கார்ந்துகொள்கிறது.

டிஸ்னி என்றதும் இன்னொரு கதையும் வந்துவிடும். வால்ட் டிஸ்னியின் உடலை ஐஸில் உறைய வைத்து, டிஸ்னிலேண்டில் ஒரு சவாரிக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறார்களாம். இது நம் ஊர்ச் சரக்கு இல்லை, அமெரிக்காவிலிருந்து உலகம் முழுக்கப் போனது. அவர் 1966 டிசம்பர் 15 அன்று நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். இரண்டு நாளில் உடலைத் தகனம் செய்தார்கள். கதைக்குச் சதை கொடுத்தது வேறொரு சம்பவம். ஒரு மாதம்கூட ஆவதற்குள், 1967 ஜனவரி 12 அன்று, அதே கலிபோர்னியாவில் ஜேம்ஸ் பெட்ஃபோர்ட் என்ற உளவியல் பேராசிரியர் இறந்ததும், என்றாவது உயிர்ப்பிக்கலாம் என்ற நம்பிக்கையில் அவர் உடலை உறைய வைத்தார்கள். உலகத்திலேயே முதல் ஆள் அவர்தான். இன்றும் அரிசோனாவில் அப்படியே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். மாநிலம் ஒன்று, இடைவெளி ஒரு மாதம். பேராசிரியரின் பெயர் யார் நினைவிலும் நிற்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்த பெயரில் கதை போய் ஒட்டிக்கொண்டது.

வதந்தி எப்போதும் தெரிந்த பெயரைத்தான் தேடிப் பிடிக்கும். பெயர் தெரியாத பூங்கா ஒன்றில் நடந்தது ஊருக்குள் வரும்போது பெரிய பூங்காவில் நடந்ததாக ஆகிவிடும். வேறு மாநிலத்து வீடியோ 'நம்ம மைசூர் ரோட்ல' என்ற அடிக்குறிப்போடு வரும்.

சரி, இவர்கள் ஏன் விடாமல் சொல்கிறார்கள்? 1977-இல் அமெரிக்காவில் லின் ஹேஷர், டேவிட் கோல்ட்ஸ்டீன், தாமஸ் டாப்பினோ என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். நிஜமும் பொய்யும் கலந்த வாக்கியங்களைக் கல்லூரி மாணவர்களிடம் கொடுத்து, ஒவ்வொன்றும் எவ்வளவு உண்மையாகத் தோன்றுகிறது என்று மதிப்பெண் போடச் சொன்னார்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடியும், இன்னும் இரண்டு வாரம் கழித்து மறுபடியும். சில வாக்கியங்கள் மட்டும் மூன்று முறையும் வந்தன. திரும்பத் திரும்ப வந்தவற்றின் மதிப்பெண் ஏறிக்கொண்டே போனது, பொய்யான வாக்கியங்களுக்கும் சேர்த்துத்தான். காதுக்குப் பழகியது மனசுக்கு உண்மையாகப் படுகிறது. இதில் ஒரு சங்கடம் உண்டு. பெரியப்பா சொல்லிச் சொல்லி நம்மை நம்ப வைப்பதற்கு முன்னால், அதிகம் கேட்டவர் அவர்தான். தன் குரலையே இருபது தரம் கேட்டிருக்கிறார்.

இது பாதிக் காரணம். மீதிப் பாதி கூடத்தில் இருக்கிறது. பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து வாய் பிளந்து கேட்கிற ஐந்து நிமிடம் ஒரு பெரிய மனிதருக்குக் கிடைக்கிற மரியாதை. ரிட்டயர் ஆன பிறகு வீட்டில் அவரிடம் விவரம் கேட்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள். ரேஷன் கார்டுக்கும் ரயில் டிக்கெட்டுக்கும் பேத்தியின் போன் போதும். 'உள்விவரம்' தெரிந்தவர் என்ற அந்த நாற்காலி ஒன்றுதான் மிச்சம். "அது தப்பு பெரியப்பா" என்று பத்துப் பேர் முன்னால் சொல்லும்போது நாம் ஒரு தகவலைத் திருத்துவதாக நினைக்கிறோம். அவருக்கோ அது நாற்காலியை உருவுவதாகத் தெரிகிறது. பிடித்துக்கொள்ளத்தானே செய்வார்?

அதனால் நான் சொல்ல வருவது இது: கதையைப் பிடுங்காதீர்கள், மாற்றிக் கொடுங்கள். அதே நாற்காலியில் உட்கார்ந்து அவர் சொல்ல, அதே அளவுக்குச் சுவையான ஓர் உண்மையைக் கையில் கொடுங்கள். பூங்காக்கள் விஷயத்தில் அப்படிப்பட்ட உண்மைகளுக்குப் பஞ்சமே இல்லை.

'பெல்ட் அறுந்தா அவ்வளவுதான்' என்ற பயத்தையே எடுத்துக்கொள்வோம். தலைகீழாகச் சுற்றும் ரோலர் கோஸ்டரில் நம்மைக் காப்பாற்றுவது பெல்ட் மட்டும்தான் என்று நினைக்கிறோம். அடுத்த முறை வரிசையில் நிற்கும்போது பெட்டியின் அடியைக் குனிந்து பாருங்கள். சக்கரங்கள் மூன்று தினுசில் இருக்கும். தண்டவாளத்தின் மேலே உருள்வது ஒன்று. பக்கவாட்டில் அணைத்துப் பிடிப்பது ஒன்று. தண்டவாளத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டு, பெட்டி மேலே எழும்பாமல் பிடிப்பது ஒன்று. மூன்றும் சேர்ந்து தண்டவாளத்தை மூன்று பக்கமும் கவ்விக்கொண்டிருக்கின்றன. அந்த அடிச்சக்கரத்துக்கு ஜான் மில்லர் என்ற அமெரிக்கர் 1919-இல் காப்புரிமை வாங்கினார். உச்சிக்கு ஏறும்போது பல கோஸ்டர்களில் 'கட கட கட' என்று வயிற்றைக் கலக்கும் சத்தம் கேட்குமே, சங்கிலி அறுந்தாலும் பெட்டி பின்னால் சறுக்காதபடி ஓர் இரும்பு நாக்கு பல்லுப் பல்லாக விழுந்து ஏறும் சத்தம் அது. பயமுறுத்தும் சத்தமே காவல் சத்தம்.

பாதி வழியில் ராட்டினம் நின்றால் 'அந்தரத்தில் தொங்கினார்கள்' என்று செய்தி வரும். பெரிய கோஸ்டர்களில் பாதையைப் பகுதி பகுதியாகப் பிரித்திருப்பார்கள், ஒரு பகுதியில் ஒரு வண்டிதான் இருக்கலாம். முன் வண்டி விலகவில்லை என்று சென்சார் சொன்னால், பின் வண்டியைக் கம்ப்யூட்டர் நிறுத்திவிடும். பல சமயம் நின்றது, நிற்க வேண்டியதால்தான். உண்மையான கோளாறும் வருவது உண்டு. 2025 மே மாதக் கடைசியில் சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் வி.ஜி.பி. பூங்காவின் ராட்டினம் ஒன்று உயரத்திலேயே நின்றுபோனது. உள்ளே இருந்தவர்கள் மணிக்கணக்கில் சிக்கிக்கொண்டார்கள். தீயணைப்புத் துறை ராட்சத ஏணி வண்டியைக் கொண்டுவந்து எல்லோரையும் பத்திரமாக இறக்கியது. இப்படி ஒரு செய்தி நாலு வீடு தாண்டினால், ஐந்தாம் வீட்டுக்குள் சாவுக் கணக்கோடுதான் நுழையும்.

விபத்தே நடப்பதில்லை என்று நான் சொல்லவில்லை. 2016 மே மாதம் தாம்பரம் கிஷ்கிந்தா பூங்காவில் ஊழியர்களே ஏறிச் சோதித்துப் பார்த்தபோது ராட்டினம் முறிந்து ஒருவர் இறந்தார். 2019 ஜூலை 14 அன்று அகமதாபாத் காங்கரியாவில் ஊசல் ராட்டினம் முறிந்து விழுந்து இரண்டு பேர் இறந்தார்கள், இருபத்தைந்து பேருக்கு மேல் காயம். நடந்தவை இவை. நடக்காத பத்து விபத்துகளின் இரைச்சலில் இவற்றிலிருந்து கற்க வேண்டியது காதில் விழாமல் போகிறது. ஏறும் முன் பணியாளர் ஒவ்வொரு பூட்டையும் கையால் இழுத்துப் பார்க்கிறாரா? உயர அளவுகோலைக் குழந்தையின் அழுகைக்காகத் தளர்த்துகிறாரா? ஊர்த் திருவிழாவில் ராத்திரியோடு ராத்திரியாக முட்டுக்கொடுத்து நிறுத்திய ராட்டினத்துக்கு யார் சான்றிதழ் கொடுத்தார்கள்? பெரியப்பாவின் எச்சரிக்கைக் குணம் இங்கே வேலைக்கு வரட்டும்.

கிஷ்கிந்தாவைச் சொன்னதும் ஒன்று ஞாபகம் வருகிறது. அதைத் தொடங்கிய நவோதயா அப்பச்சன்தான் 1984-இல் இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமான 'மை டியர் குட்டிச்சாத்தா'னைத் தயாரித்தவர். கண்ணாடி போட்டுக்கொண்டு தியேட்டரில் கையை நீட்டி ஐஸ்கிரீமைப் பிடிக்கப் பார்த்த தலைமுறையிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், அன்றைக்கு முழுக்க வேறு பேச்சே இருக்காது.

தண்ணீர் விளையாட்டுக்கும் கதைகள் உண்டு. 'தண்ணிக்குள்ள ஒண்ணுக்குப் போனா சுத்தி நீலமா மாறிடும், மருந்து கலந்திருக்காங்க' என்று எல்லாக் குழந்தைகளையும் மிரட்டியிருக்கிறோம். அப்படி ஒரு மருந்து எந்தக் குளத்திலும் கலக்கப்படுவதில்லை. நிஜம் இன்னும் அருவருப்பானது, அதனால் இன்னும் பயனுள்ளது. குளத்தில் மூக்கைத் துளைக்கும் 'குளோரின் வாசனை' பெரும்பாலும் குளோரினுடையது இல்லை. வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் சேர்ந்து உண்டாகும் குளோரமைனின் வாசனை அது. கண் எரிவதும் அதனால்தான். எனவே இறங்கும் முன் குளித்துவிட்டு இறங்கச் சொல்வது சம்பிரதாயத்துக்கு இல்லை. 'காட்டன் துணி கூடாதுன்னு சொல்றதே அவங்க கடையில டிரஸ் விக்கத்தான்' என்பது இன்னொரு கதை. பருத்தி நூல் பிரிந்து வடிகட்டியை அடைக்கும், ஊறினால் கனத்து உடலை இழுக்கும். நைலான் உடையை வீட்டிலிருந்தே எடுத்துப் போனால் கடைக்குப் போகவே வேண்டாம்.

இதுவரை சொன்னதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. ஒரே ஒரு கதையை மட்டும் சிரித்து விட முடியாது. பூங்காவில் குழந்தை காணாமல் போகிறது, வாசல்களை அடைக்கிறார்கள், கழிப்பறையில் முடி வெட்டி வேறு உடை மாட்டிய குழந்தையைக் காலணியை வைத்து அம்மா அடையாளம் கண்டுபிடிக்கிறாள். கேட்டிருப்பீர்கள். இது அமெரிக்காவில் டிஸ்னிலேண்ட் பெயரிலும் பெரிய கடைகளின் பெயரிலும் பல பத்தாண்டுகளாகச் சுற்றுவது. யூட்டா பல்கலைக்கழகத்து நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் ஜான் ஹெரால்ட் புருன்வான்ட் 1980-களிலேயே இதைச் சேகரித்து, நடக்காத நகரத்துக் கதைகளின் வரிசையில் வைத்தார். அதே கதை இங்கே மால் பெயரிலும் பொருட்காட்சி பெயரிலும் வந்துவிட்டது.

பிள்ளை பிடிக்கிறவர்கள் பற்றிய பயம் எங்கே கொண்டு விடும் என்பதை நம் ஊர் பார்த்திருக்கிறது. 2018 மே 23 அன்று சாம்ராஜ்பேட்டையில், ராஜஸ்தானிலிருந்து பிழைக்க வந்த 26 வயது இளைஞர் ஒருவரைப் பிள்ளை பிடிப்பவர் என்று சந்தேகித்துக் கூட்டம் அடித்தே கொன்றது. அவர் எந்தக் குழந்தையையும் தொடவில்லை. அந்த வாரங்களில் வாட்ஸ்அப்பில் சுற்றிய வீடியோக்களும் குரல் பதிவுகளும்தான் கூட்டத்தின் கையில் இருந்த 'ஆதாரம்'. மற்ற மாநிலங்களிலும் இதே காரணத்துக்குப் பலர் செத்த பிறகு, அந்த ஜூலையில் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் பகிர முடியாதபடி கட்டுப்பாட்டை அறிவித்தது. இந்த ஒரு கதையைப் பொறுத்தவரை பெரியப்பாவின் மனம் நோகாமல் பார்த்துக்கொள்ள வேண்டியதில்லை. "வேண்டாம், நிறுத்துங்க" என்று அங்கேயே சொல்லிவிட வேண்டும். சொன்ன கையோடு குழந்தையின் கையில் பேனாவால் போன் நம்பரை எழுதுங்கள். உள்ளே போனதும் காலையில் எடுத்த படம் ஒன்றைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள், அன்று போட்ட சட்டையின் நிறம் அதில் இருக்கும். தொலைந்தால் எந்த இடத்துக்கு வந்து நிற்க வேண்டும் என்று காட்டிக்கொடுங்கள். கூட்டத்தில் கைவிட்டுப் போகிற குழந்தைக்கு இந்த மூன்றும் போதும்.

மற்றக் கதைகளுக்கு என் சிபாரிசு பழையதுதான். கூட்டத்தில் மடக்காதீர்கள். தனியாக இருக்கும்போது, "நீங்க சொன்னது விஷயமா தேடிப் பார்த்தேன் பெரியப்பா, இன்னும் பெரிய சமாச்சாரம் கிடைச்சுது" என்று ஆரம்பியுங்கள். ஸ்டெபிலைசர்க்காரர் கதையைச் சொல்லுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் முன்னாலேயே அதைத் தான் கண்டுபிடித்ததாக அவர் அடித்துச் சொல்வார். சொல்லட்டும். இந்த முறை சொல்வது உண்மை.

உங்கள் வீட்டிலும் அபார்ட்மென்ட் குழுவிலும் அடித்துச் சொல்லப்படும் பூங்காக் கதைகளை எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். சொன்னவர் பெயர் வேண்டாம், கதை போதும். விசாரித்து, அடுத்த இதழில் ஒவ்வொன்றுக்கும் பதிலாகச் சொல்லத்தக்க உண்மையைத் தருகிறோம். பொய்யைவிடச் சப்பையாக இருக்கும் பதிலை அச்சில் ஏற்றுவதில்லை என்று ஆசிரியர் குழுவில் முடிவு செய்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்